புது லேப்டாப்பா, ரீஃபர்பிஷ்டா? கையில் இருக்கும் பணத்துக்கு எது சரி

முதலிலேயே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கையில் 25,000 ரூபாய்தான் இருக்கிறதென்றால் புது லேப்டாப் வாங்காதீர்கள். 50,000 ரூபாய் இருக்கிறதென்றால் ரீஃபர்பிஷ்டு, அதாவது பழையதைச் சரிசெய்து மறுபடி விற்கும் லேப்டாப் பக்கம் போக வேண்டிய அவசியமே இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். ஆனாலும் 25,000 ரூபாயோடு கடைக்குப் போகிறவர்களுக்குத்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன். ஏமாறும் வாய்ப்பு அவர்களுக்குத்தான் அதிகம்.

நான் திருச்சியில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். புதியதும் விற்பதில்லை, பழையதும் விற்பதில்லை. பழுது பார்ப்பது மட்டும்தான் தொழில். பிளஸ் டூ முடிந்து கல்லூரிச் சேர்க்கை நடக்கும் மே, ஜூன் மாதங்களில் மட்டும், ரிப்பேருக்கு வருகிறவர்களைவிட "அண்ணே, பாப்பாவுக்கு லேப்டாப் வாங்கணும், எது நல்லா இருக்கும்?" என்று கேட்டு வருகிறவர்கள் அதிகம். அவர்களிடம் வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கல்லூரிப் பிள்ளைக்காக என்றால், காசை எடுப்பதற்கு முன் கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 2025-26 தமிழக பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி தருவதாக அறிவித்தார்கள். உங்கள் பிள்ளை அந்தப் பட்டியலில் வருகிறதா என்று தெரிந்துகொண்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

ஒரே பெயரில் மூன்று சரக்கு

ரீஃபர்பிஷ்டு என்று போர்டு மாட்டியிருக்கும் கடையில் மூன்று வகைச் சரக்கு இருக்கும். முதல் வகை, பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு வருஷம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிட்டவை. ஐடி நிறுவனங்களும் வங்கிகளும் நூற்றுக்கணக்கில் லாட்டாக விற்கும். அவற்றை எடுத்து, துடைத்து, பழுதானதை மாற்றி, விண்டோஸ் போட்டு விற்கிறார்கள். இரண்டாவது, வாடிக்கையாளர் வாங்கிப் பிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தவை. அநேகமாகப் புதியவைதான். விலையும் புதியதை ஒட்டியே இருக்கும். மூன்றாவது, யாரோ ஒருவர் வீட்டில் ஓட்டி விற்ற சாதாரண செகண்ட்ஸ். ஸ்டிக்கர் ஒட்டி, பாலிஷ் போட்டு, ரீஃபர்பிஷ்டு என்று பெயர் மாற்றியிருப்பார்கள்.

நான் இங்கே பரிந்துரைப்பது முதல் வகையை மட்டும்தான். சென்னை ரிச்சி தெருவிலும் டெல்லி நேரு பிளேஸிலும் குவிந்து கிடப்பதில் நல்ல சரக்கு என்பது இதுதான். ஆன்லைனில் விற்கும் பெரிய ரீஃபர்ப் கடைகளும் இதைத்தான் நம்பியிருக்கின்றன.

இந்தக் கம்பெனிச் சரக்குக்கு ஏன் மதிப்பு என்றால், அவை கடையில் தனி ஆளுக்கு விற்கும் மாடல்களே அல்ல. லெனோவோவின் திங்க்பேட் டி வரிசை, டெல்லின் லேட்டிட்யூட், எச்பியின் எலைட்புக் மூன்றும் அலுவலகங்களுக்கென்றே செய்தவை. புதிதாக வந்தபோது ஒவ்வொன்றும் எழுபது, எண்பதாயிரத்துக்கு மேல் விற்றவை. மூடியைத் திறந்து மூடும் கீல் உறுதியாக இருக்கும். கீபோர்டில் தவறித் தண்ணீர் சிந்தினால் வெளியேற வழி வைத்த மாடல்கள் உண்டு. பெரும்பாலான மாடல்களில் அடிப்பக்கம் சில ஸ்க்ரூவைக் கழற்றினால் ரேம், எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்), ஃபேன், பேட்டரி எல்லாம் கைக்கு வந்துவிடும். எந்தப் பாகத்தை எப்படிக் கழற்றுவது என்ற கையேட்டைக் கம்பெனிக்காரர்களே இணையத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் விற்ற மாடல்கள் என்பதால் உதிரிபாகமும் சுலபமாகக் கிடைக்கிறது. மெக்கானிக்காக எனக்கு இதுதான் பெரிய விஷயம். விலை மலிவான புது லேப்டாப்பில் கீல் உடைந்தால், அது பிடித்திருந்த பிளாஸ்டிக்கும் சேர்ந்து பெயர்ந்து வரும். பல நேரம் அந்த பாடியே மார்க்கெட்டில் கிடைக்காது. பசை வைத்து ஒட்டித்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

25,000 ரூபாய்க்கு என்ன கிடைக்கும்

போன வருஷம் என் தங்கை மகள் பி.காம். சேர்ந்தாள். பட்ஜெட் 25,000. ஷோரூமில் அவளுக்குக் காட்டியது பளபளவென்ற புது லேப்டாப். உள்ளே செலரான் என்4500 பிராசசர், 8 ஜிபி ரேம். நான் காட்டியது எச்பி எலைட்புக் 840 ஜி5. ஐ5-8350யூ பிராசசர், 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. மூடியின் ஓரத்தில் சின்னக் கீறல்.

"மாமா, அது 2021-ல வந்த பிராசசராம், நீங்க சொல்றது 2017-ஆம். அப்போ அதுதானே வேகமா இருக்கும்?" என்று கேட்டாள். எல்லோரும் கேட்கும் கேள்விதான் இது. வந்த வருஷம் வேறு, எதற்காகச் செய்தார்கள் என்பது வேறு. என்4500 விலையைக் குறைப்பதற்காகவே செய்த சிப், அதில் வேலை செய்யும் கோர் இரண்டுதான். ஐ5-8350யூ அலுவலக வேலைக்காகச் செய்தது, நான்கு கோர். நான்கு வருஷம் மூத்ததாக இருந்தும் ஓட்டத்தில் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகம். எக்செல், டாலி, பத்து டேப் திறந்த குரோம், நடுவில் ஒரு வீடியோ கால் என்று எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டிக் காட்டினேன். எலைட்புக்கையே வாங்கினாள்.

அதனால் 25,000-க்குள் புதியது என்று யாராவது காட்டினால் பிராசசர் பெயரை மட்டும் கேளுங்கள். செலரான், பென்டியம் என்று வந்தால் வேண்டாம். எஸ்எஸ்டி இருக்க வேண்டிய இடத்தில் போர்டோடு ஒட்டிய இஎம்எம்சி 64 அல்லது 128 ஜிபி என்று இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். விண்டோஸ் அப்டேட்டே அதை நிரப்பிவிடும், மாற்றவும் முடியாது.

எட்டாவது தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள்

ரீஃபர்பிஷ்டு வாங்குவதில் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற, இன்டெல் என்றால் எட்டாவது தலைமுறை பிராசசர், அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். ஒன்றிரண்டு விதிவிலக்குகள் உண்டு, அவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஏஎம்டி ரைசன் என்றால் பொதுவாக 2000 வரிசை, அல்லது அதற்குப் பிந்தியது. கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும்.

ஆதரவு போன பிறகு பல கம்பெனிகள் தங்கள் ஆறாவது, ஏழாவது தலைமுறை லேப்டாப்புகளைக் கழித்துவிட்டன. அந்தச் சரக்குதான் இப்போது மார்க்கெட்டில் 12,000, 14,000 என்று மலிவாகக் கிடக்கிறது. "விண்டோஸ் 11 போட்டே தர்றோம் சார்" என்பார்கள். போட முடியும், ஓடவும் ஓடும். ஆனால் சரிபார்ப்பைத் தாண்டிக் குறுக்கு வழியில் ஏற்றியது அது. அப்படிப்பட்ட கணினிக்குத் தொடர்ந்து அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. நெட் பேங்கிங் செய்யும் கணினியை அந்த நிலையில் வைத்திருப்பது எனக்குச் சம்மதம் இல்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு ஓட்டத் தெரிந்தவர்களுக்கு மட்டும் அந்தப் பழைய திங்க்பேட்கள் இன்றும் அருமையான லேப்டாப்தான்.

தலைமுறையைக் கண்டுபிடிப்பது சுலபம். ஐ5-க்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 8250, 8350, 8265 எல்லாம் எட்டாவது. 10210 என்றால் பத்தாவது. 1135, 1145 என்றால் பதினொன்றாவது. 1235 பன்னிரண்டாவது. எண்ணைச் சொல்லாமல் "ஐ7 சார், ஐ7" என்று மட்டும் சொல்லும் கடையில் கவனமாக இருங்கள். ஆறாவது தலைமுறை ஐ7-6600யூ-வில் இரண்டு கோர்தான். எட்டாவது தலைமுறை ஐ5-8250யூ-வில் நான்கு. ஐ7 என்ற பெயருக்காகக் கூடுதலாக மூவாயிரம் கொடுத்து, மெதுவான லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரேமைப் பொறுத்தவரை 2025 கடைசியில் இருந்து விலை கடுமையாக ஏறிவிட்டது. முன்பெல்லாம் "8 ஜிபியோடு வாங்குங்கள், அப்புறம் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்" என்பேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. 16 ஜிபி ஏற்கெனவே உள்ளே இருக்கும் ரீஃபர்பிஷ்டு இரண்டாயிரம் கூடுதல் என்றாலும் அதையே எடுங்கள். புதியது வாங்குகிறவர்களும் ரேம் போர்டோடு ஒட்டியதா, காலி ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

நடுவில் நிற்பவர்கள்

பட்ஜெட் 30,000-க்கும் 45,000-க்கும் இடையில் என்றால் இரண்டு பக்கமும் நியாயமான சரக்கு இருக்கிறது. புதியதில் ஐ3-1215யூ பிராசசர், 8 ஜிபி ரேம் என்று கிடைக்கும். ஆறு கோர் உள்ள நல்ல சிப், ஒரு வருஷ வாரண்டி, புத்தம் புது பேட்டரி. ரீஃபர்பிஷ்டில் அதே பணத்துக்குப் பதினொன்றாவது தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேம், உலோக பாடி, நல்ல திரை. வேகத்தில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம்தான்.

இங்கே நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். அதே அளவு வேலை செய்யும் புது லேப்டாப்பின் விலையில் அறுபது சதவீதத்துக்கு மேல் ரீஃபர்பிஷ்டுக்குக் கொடுக்கக் கூடாது. புதியது 38,000 என்றால் ரீஃபர்பிஷ்டு 23,000-க்குள் வர வேண்டும். 30,000 கேட்டால் புதியதையே வாங்கிவிடுங்கள். மிச்சமாகும் 8,000-ல் பேட்டரிக்கு 3,000, 4,000 போய்விடும். அப்புறம் வாரண்டியையும் இழந்து, கையில் நிற்பது என்ன? இது சட்டமல்ல, பழுது பார்த்துப் பார்த்து எனக்கு வந்த கணக்கு.

பணத்தைவிட முக்கியமாகச் சிலருக்குப் புதியதுதான் சரி. பக்கத்து வீட்டுப் பையன் பி.ஆர்க். சேர்ந்தபோது அவன் அப்பாவிடம், கொஞ்சம் கடன் வாங்கியாவது தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள புதியதாக எடுங்கள் என்றேன். முப்பரிமாண மாடல் செய்வதும் ரெண்டர் செய்வதும் பழைய எலைட்புக்கால் ஆகாது. வீடியோ எடிட்டிங்கைத் தொழிலாகச் செய்கிறவர்களுக்கும் அதுதான். கேம் விளையாட உழைத்த லேப்டாப்பை ரீஃபர்பிஷ்டாக வாங்கவே வாங்காதீர்கள். வருஷக்கணக்கில் தொண்ணூறு டிகிரியில் வெந்திருக்கும் போர்டு அது. அப்புறம், சர்வீஸ் கடையே இல்லாத ஊரில் இருப்பவர்கள், ஒரு நாள் லேப்டாப் நின்றால் வருமானம் நிற்கும் என்பவர்கள், வீட்டுக்கு வந்து சரிசெய்யும் வாரண்டியோடு புதியதாக வாங்குவது நல்லது.

டாலி, ஜிஎஸ்டி ஃபைலிங், ஆன்லைன் வகுப்பு, டைப்பிங், பைத்தான் கற்பது, இ-சேவை வேலை ஆகியவற்றுக்கெல்லாம் எட்டாவது தலைமுறை ஐ5 தாராளம்.

கடையில் உட்கார்ந்து பார்க்க வேண்டியவை

ரீஃபர்பிஷ்டு என்று முடிவு செய்துவிட்டீர்களா? அப்படியானால் கடையில் முக்கால் மணி நேரம் உட்காரத் தயாராகப் போங்கள். உட்கார விடாத கடையில் வாங்காதீர்கள். ஏ கிரேடு, பி கிரேடு என்பதெல்லாம் கடைக்குக் கடை மாறும். அதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. உங்கள் கண்தான் கிரேடு.

முதலில் பேட்டரி. கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறக்கச் சொல்லி, பவர்-சி-எஃப்-ஜி என்று ஒரே சொல்லாக அடித்து, ஓர் இடம் விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, அதை ஒட்டியே பேட்டரி ரிப்போர்ட் என்பதையும் ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் அடியுங்கள். ஓர் அறிக்கை தயாராகி, எங்கே சேமித்திருக்கிறது என்றும் காட்டும். அதை பிரவுசரில் திறந்தால் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண் வரும். எலைட்புக் 840 ஜி5-ல் டிசைன் சுமார் 50 வாட் அவர் இருக்கும். அறிக்கையில் மில்லிவாட் அவர் கணக்கில் 50,000-ஐ ஒட்டி வரும். ஃபுல் சார்ஜ் 40,000 இருந்தால் நல்ல பேட்டரி. 30,000-க்குக் கீழே என்றால் புதிய பேட்டரி போட்டுத் தரச் சொல்லுங்கள், அல்லது அதன் விலையைக் கழிக்கச் சொல்லுங்கள். திங்க்பேட் டி480-ல் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு பேட்டரி இருக்கும். இரண்டுக்கும் தனித்தனியாக எண் வரும், இரண்டையும் பாருங்கள்.

இரண்டு எண்ணும் துல்லியமாக ஒன்றாக இருந்து, சைக்கிள் கவுண்ட் (எத்தனை முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கியது என்ற எண்) பூஜ்யம் என்று காட்டினால் சந்தோஷப்பட்டு எழுந்துவிடாதீர்கள். நிஜமாகவே புதிய பேட்டரியாக இருக்கலாம். உள்ளே செல்லை மட்டும் மாற்றி எண்ணை அழித்ததாகவும் இருக்கலாம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஒரு யூடியூப் வீடியோவை அரை மணி நேரம் ஓட விடுங்கள். அரை மணியில் பதினைந்து சதவீதத்துக்குள் இறங்கினால் சரி. இருபத்தைந்து, முப்பது என்று சரிந்தால் அந்த எண் பொய்.

அந்த அரை மணியை வீணாக்க வேண்டாம். வீடியோ ஓடும்போதே விசைப்பலகையின் மேல் பகுதியிலும் ஃபேன் காற்று வரும் இடத்திலும் கையை வைத்துப் பாருங்கள். சூடு வருவது இயல்பு. ஃபேன் கடகடவென்று சத்தம் போட்டாலோ, சூடாகியும் காற்றே வரவில்லை என்றாலோ உள்ளே தூசி அடைத்திருக்கலாம், அல்லது பிராசசரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். திறந்து சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். ரீஃபர்பிஷ்டு என்று பெயர் வைத்ததற்கு அவர்கள் செய்ய வேண்டிய வேலைதான் அது.

சார்ஜரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. டெல் லேப்டாப்பில் உருண்டை முனைச் சார்ஜரின் நடுவில் ஊசி போல ஒரு பின் இருக்கும். சார்ஜர் எத்தனை வாட் என்பதை அதன் வழியாகத்தான் லேப்டாப் தெரிந்துகொள்ளும். போலிச் சார்ஜரைச் செருகினால், அல்லது அந்தப் பின் கெட்டிருந்தால், பேட்டரி ஏறாது. அது மட்டுமல்ல, பிராசசரும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "லேப்டாப் ரொம்ப ஸ்லோ" என்று என்னிடம் கொண்டுவரும் லேட்டிட்யூட்களில் இதைத்தான் முதலில் பார்ப்பேன். பயோஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரையில் போய்ப் பார்த்தால் 65 வாட் என்பது போலச் சார்ஜரின் வாட் எழுதியிருக்க வேண்டும். தெரியாதது என்று காட்டினால் சார்ஜரை மாற்றிக் கேளுங்கள். டைப்-சி துளை உள்ள மாடல் என்றால் அதிலும் சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். திங்க்பேட் டி480 போன்றவற்றில் தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் (அந்தத் துளையை இயக்கும் உள் மென்பொருள்) பழையதாகவே இருந்தால் அந்தத் துளை நாளடைவில் வேலை செய்யாமல் போகலாம். லெனோவோ இதற்குத் திருத்தம் வெளியிட்டிருக்கிறது. வாங்கியதும் அதைப் போட்டுவிடுங்கள்.

பயோஸுக்குள் போவதே ஒரு சோதனைதான். டெல்லுக்கு எஃப்2, எச்பிக்கு எஃப்10, திங்க்பேடுக்கு எஃப்1. ஆன் செய்ததும் அந்த விசையைத் தட்டுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அந்த லேப்டாப்பை அப்படியே வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். திங்க்பேடின் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு, சின்ன பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடுவது அல்ல.

இதைவிடப் பெரிய பூட்டு கண்ணுக்குத் தெரியாது. கம்பெனிகள் தங்கள் லேப்டாப்பை ஆட்டோபைலட் என்ற முறையில் பதிவு செய்து வைத்திருக்கும். விற்கும்போது அதை நீக்க மறந்திருந்தால், என்றைக்காவது நீங்கள் விண்டோஸைப் புதிதாகப் போட்டு இணையத்தில் இணைக்கும்போது அந்தக் கம்பெனியின் பெயர் திரையில் வந்து அவர்கள் ஐடியைக் கேட்கும். கடைக்காரர் இணையம் இல்லாமல் விண்டோஸ் போட்டிருப்பார், அவருக்கே தெரியாது. இதைக் கடையில் சோதிக்க நேரமாகும். அதனால், கம்பெனி லாக் வந்தால் பணம் வாபஸ் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக விண்டோஸை ரீசெட் செய்து, வைஃபையோடு இணைத்துத் தொடங்குங்கள். அந்த நாளே தெரிந்துவிடும்.

திரையை நேராக மட்டும் பார்க்காமல் பக்கவாட்டில் இருந்தும் பாருங்கள். நிறம் மங்கி வெளிறினால் பழைய திரையைக் கழற்றிவிட்டு மலிவான பேனல் போட்டிருக்கலாம். சில எலைட்புக்குகளில் மட்டும் இன்னொரு காரணம் உண்டு. பக்கத்தில் இருப்பவர் பார்க்க முடியாதபடி செய்யும் ஷ்யூர் வியூ என்ற வசதியுள்ள திரை அது. அணைத்து வைத்தாலும் மற்றத் திரைகளைவிட மங்கலாகத்தான் தெரியும். வீட்டில் நான்கு பேர் சேர்ந்து படம் பார்க்க உதவாது. வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்து, புள்ளி, கோடு, மஞ்சள் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். கீபோர்டில் ஒவ்வொரு விசையையும் அடித்துப் பாருங்கள். வெளிநாட்டில் இருந்து வந்த லாட்டில் அரபி, ஜெர்மன் எழுத்து உள்ள கீபோர்டின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். நகத்தால் ஓரத்தைத் தட்டினால் தெரியும். கேமரா, மைக், ஸ்பீக்கர், எல்லா யூஎஸ்பி துளைகளும் இரண்டே நிமிஷ வேலை.

எஸ்எஸ்டிக்கு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டு போங்கள். ஆரோக்கியம் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்லது. கூடவே எஸ்எஸ்டியின் பெயரையும் பாருங்கள். சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா, கியோக்ஸியா என்றால் நல்ல எஸ்எஸ்டி. கேள்விப்படாத பெயராக இருந்தால் நல்லதைக் கழற்றி வேறெங்கோ விற்றுவிட்டு மலிவானதைப் போட்டிருக்கலாம்.

கடைசியாக விண்டோஸ். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன். டிஜிட்டல் லைசென்ஸ் என்று இருந்தால் சரி. பெரும்பாலான கம்பெனி லேப்டாப்புகளில் விண்டோஸ் புரோ போர்டிலேயே பதிந்து வருகிறது. உங்கள் நிறுவனத்தின் சேவை மூலம் ஆக்டிவேட் ஆனது என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் வந்தால் கள்ளச் சாவி போட்டிருக்கிறார்கள். அசல் விண்டோஸ் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

பில் இல்லாமல் வெளியே வராதீர்கள்

"பில் வேண்டாம்னா ஆயிரம் குறைச்சுக்கலாம்" என்பார்கள். அந்த ஆயிரத்தை விட்டுவிடுங்கள். பில்லில் லேப்டாப்பின் சீரியல் எண், டெல் என்றால் சர்வீஸ் டேக், எழுதியிருக்க வேண்டும். அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் பயோஸில் காட்டும் எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள். ஸ்டிக்கரும் பயோஸும் மாறியிருந்தால் போர்டு மாற்றியது, அல்லது திருட்டு லேப்டாப். அந்த எண்ணை லெனோவோ, டெல், எச்பியின் தளத்தில் போட்டால் வாரண்டி எப்போது தொடங்கியது என்று காட்டும். உண்மையான வயதை அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். சில சமயம் கம்பெனி ஐந்து வருஷ வாரண்டி எடுத்திருந்து, இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

கடை தரும் வாரண்டியில் போர்டு, திரை, பேட்டரி, சார்ஜர் ஆகிய நான்கில் எதெல்லாம் அடங்கும் என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். "ஒரு வருஷ வாரண்டி" என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, பேட்டரிக்கும் திரைக்கும் கிடையாது என்று கீழே எழுதும் வழக்கம் இருக்கிறது. ஆறு மாதமே என்றாலும் போர்டும் திரையும் அடங்கிய வாரண்டிதான் மேல். மின்கழிவு மேலாண்மை விதிகள் 2022-ன்படி ரீஃபர்பிஷ் செய்கிற நிறுவனங்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆன்லைனில் வாங்கும்போது அந்தப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறவர்கள் பெருமையாகவே சொல்வார்கள். வாக்குக் கொடுத்ததைச் செய்ய மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கையில் பில் இருந்தால்தான் அங்கேயும் பேச முடியும்.

மேக்புக் கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்டெல் பிராசசர் உள்ள பழைய மேக்புக்கை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். இன்டெல் மேக்குகளுக்கான கடைசி இயங்குதளம் மேக்ஓஎஸ் 26 தான் என்று ஆப்பிளே 2025-ல் அறிவித்துவிட்டது. 2020 கடைசியில் வந்த எம்1 ஏர், அல்லது அதற்குப் பிந்தையதை மட்டும் பாருங்கள். வாங்குமுன் பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்று உங்கள் கண்முன்னே செய்து காட்டச் சொல்லுங்கள். ரேமைப் பின்னால் கூட்டவே முடியாது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, திருப்பிக் கொடுக்கக் கடை தரும் ஏழு நாளோ பத்து நாளோ, அந்த நாட்களில் லேப்டாப்பை நன்றாக வேலை வாங்குங்கள். பத்திரமாகப் பையில் வைத்திருந்துவிட்டு, கல்லூரி திறந்த பிறகு எடுக்கிறவர்கள்தான் பதினோராவது நாள் என்னிடம் வருகிறார்கள். ஒரு நாள் முழுக்க வீடியோ ஓட விடுங்கள். தூக்கத்தில் போட்டு எழுப்புங்கள், மூடியைப் பத்து முறை திறந்து மூடுங்கள், புரொஜெக்டரிலோ டிவியிலோ எச்டிஎம்ஐ மாட்டிப் பாருங்கள். ஆன் செய்யும்போதே எச்பியில் எஃப்2, டெல்லில் எஃப்12, திங்க்பேடில் எஃப்10 அழுத்தினால் கம்பெனி வைத்திருக்கும் சோதனைப் பட்டியல் வரும். இரவில் அதை முழுதாக ஓட விட்டுத் தூங்கப் போங்கள். காலையில் ஏதாவது பிழை எண் காட்டினால் அதை ஃபோட்டோ எடுத்துக்கொண்டு, பில்லோடு அன்றைக்கே கடைக்குப் போய்விடுங்கள்.